ஐரோப்பாவுக்கு விமானம் உண்டு. அடுத்த தெருவுக்கு வழி உண்டா?

மதுரையிலிருந்து மேலூர் சாலையில் போகிறவர்களுக்கு ஒத்தக்கடையைத் தெரியும். பேருக்குத்தான் ஒத்தக்கடை, இன்று சாலையின் இருபுறமும் கடைகள். தலைக்கு மேலே யானைமலை. மலையடியில் 1965 முதல் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. சற்றுத் தள்ளி 2004 முதல் உயர்நீதிமன்றக் கிளை இருக்கிறது. பயிர் சாஸ்திரமும் சட்ட சாஸ்திரமும் ஒரே சாலையில் குடியிருக்கின்றன. நாற்று நடப் போகும் பெண்களும் மில் ஷிப்டுக்கு ஓடும் ஆண்களும் அதே சாலையில்தான் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்கள்.

மதுரையைச் சுற்றியுள்ள சாலைகளில் இப்போது ஒரு புதிய சரக்கு விலைக்கு வந்திருக்கிறது. அரிசி, பருப்பு, துணிமணி போல அதற்கும் விளம்பரத் தட்டி வைக்கிறார்கள். "சர்வதேசத் தரம்", "உலகக் குடிமக்கள்", "வெளிநாட்டுப் பள்ளிகளுடன் மாணவர் பரிமாற்றம்" என்று அந்தத் தட்டிகள் சொல்லுகின்றன. ஐரோப்பாவிலிருந்து பிள்ளைகள் இங்கே வருவார்களாம். இங்கிருந்து பிள்ளைகள் அங்கே போவார்களாம். ஒருவர் பண்பாட்டை ஒருவர் புரிந்துகொள்வார்களாம். உலகத்தில் சமத்துவம் மலருமாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யாருடைய பிள்ளை போகிறது? யார் பணத்தில் போகிறது? யாரைப் புரிந்துகொள்ளப் போகிறது? இந்த மூன்று கேள்விகளையும் உழைப்பாளி மக்களின் சார்பில் நாம் கேட்கிறோம்.

பரிமாற்றம் பிறந்த கதை

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். பிள்ளைகள் நாடு விட்டு நாடு போய்ப் பழகுவதற்கு நாம் விரோதிகள் அல்ல. அது நல்ல காரியம். எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் அதன் அருமை விளங்கும்.

பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் 1870க்கும் 1945க்கும் இடையில் மூன்று பெரிய யுத்தங்களில் ஒருவரை ஒருவர் வெட்டிச் சாய்த்தார்கள். யுத்தத்தில் கொழுத்தவர்கள் பீரங்கி முதலாளிகள். செத்தவர்கள் இரு தேசத்து விவசாயிகளும் தொழிலாளிகளும். பாட்டன் செத்தான், தகப்பன் செத்தான், மகனும் செத்தான். ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் அடுத்த தேசத்தானைப் பரம்பரை எதிரி என்றே சொல்லிக் கொடுத்தார்கள்.

அந்த இரு தேசங்களும் 1963 ஜனவரி 22ல் பாரிஸ் நகரில் எலிசே உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதே ஆண்டில் இரு நாட்டு அரசாங்கங்களும் சேர்ந்து பிரெஞ்சு - ஜெர்மன் இளைஞர் அலுவலகத்தை ஏற்படுத்தின. அரசாங்கப் பணத்தில் பிள்ளைகள் எல்லை தாண்டினார்கள். எதிரியின் வீட்டிலே தங்கினார்கள், எதிரியின் தாய் பரிமாறிய சோற்றைத் தின்றார்கள். அன்று முதல் 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இப்படிப் போய் வந்திருக்கிறார்கள். 2006ல் இரு நாட்டுப் பிள்ளைகளும் படிக்கும்படி ஒரே சரித்திரப் பாடப்புத்தகமே எழுதி அச்சிட்டார்கள். பரம்பரை எதிரிகள் ஒரே சரித்திரத்தைப் படிப்பது சின்னக் காரியமா?

பிறகு ஐரோப்பிய நாடுகள் பலவும் சேர்ந்து இதைப் பெரிய ஏற்பாடாக ஆக்கின. கல்லூரி மாணவர்களுக்காக 1987ல் எராஸ்மஸ் திட்டம் வந்தது. பள்ளிக்கூடங்களுக்கென்று 1995ல் கொமேனியஸ் திட்டம் வந்தது. வகுப்பறைகளைக் கம்ப்யூட்டர் வழியாக ஜோடி சேர்க்கும் ஈ-ட்வின்னிங் 2005ல் வந்தது. 2021 முதல் 2027 வரையிலான ஏழு ஆண்டுகளுக்கு எராஸ்மஸ் பிளஸ் திட்டத்துக்கு ஒதுக்கிய தொகை சுமார் 2,600 கோடி யூரோ. அவ்வளவும் பொதுப்பணம்.

இந்தக் கதையில் நம் கவனத்துக்குரியவை இரண்டு.

ஒன்று: நண்பர்களாக இருந்தவர்களை அவர்கள் பரிமாறிக்கொள்ளவில்லை. பகைவர்களின் பிள்ளைகளைத்தான் பரிமாறிக்கொண்டார்கள். எங்கே ரத்தம் சிந்தியதோ அங்கேதான் பாலம் கட்டினார்கள்.

இரண்டு: பிள்ளைகளைப் பழக விட்டதும் சமாதானம் வந்துவிட்டது என்று யாரும் கதை கட்டவேண்டாம். 1951லேயே அந்த நாடுகள் தங்கள் நிலக்கரியையும் உருக்கையும் பொது நிர்வாகத்தின் கீழ் கொண்டுவர ஒப்பந்தம் செய்துவிட்டன. அது முதலாளிகளுக்கு லாபம் தந்த ஏற்பாடுதான், நாம் மறக்கவில்லை. ஆனாலும் வரிசையைப் பாருங்கள். முதலில் நிலக்கரியும் உருக்கும் பொதுவாயிற்று. அதற்கு 12 ஆண்டுகள் கழித்துத்தான் பிள்ளைகள் பழகும் அலுவலகம் வந்தது. அஸ்திவாரம் போட்ட பிறகுதான் கூரை வேய்ந்தார்கள்.

இங்கே அது கடைச்சரக்கு

அங்கே பொதுப்பணத்தில் நடப்பது இங்கே வந்ததும் என்ன ஆகிறது? கட்டணப் பட்டியலில் இன்னொரு வரி ஆகிறது. புத்தகத்துக்கு இவ்வளவு, பஸ்ஸுக்கு இவ்வளவு, வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்கு இவ்வளவு! கொடுக்க முடிந்தவன் பிள்ளை உலகக் குடிமகன். கொடுக்க முடியாதவன் பிள்ளை உள்ளூர்க் குடிமகன்.

அப்படிப் போகிற பிள்ளை அங்கே யாரைச் சந்திக்கிறது? தன்னைப் போலவே வசதி படைத்த இன்னொரு பிள்ளையை. தோல் நிறம் வேறாக இருக்கலாம், பாஷை வேறாக இருக்கலாம், பையிலே இருக்கும் பணம் ஒன்றுதான். வேட்டியும் சேலையும் கட்டிக் காட்டுகிறார்கள். பொங்கல் பானை வைத்துக் காட்டுகிறார்கள். ஒரு பரதநாட்டியம், ஒரு பட்டாடை, ஒரு புகைப்படம். அந்தப் பொங்கலுக்கு நெல் விளைவித்தவளைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? அந்தச் சேலைக்கு நூல் நூற்றவனைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? பண்பாடு என்றால் திருநாள் உடையும் பலகாரமும்தான் என்று இரு தேசத்துப் பிள்ளைகளையும் ஏமாற்றுகிறார்கள்.

மதுரைத் தொழிலாளிக்கு ஐரோப்பாவோடு பழக்கம் நேற்று வந்ததல்ல. ஸ்காட்லாந்துக்காரர்களான ஹார்வி சகோதரர்கள் 1892ல் மதுரையில் மில் தொடங்கினார்கள். அன்று முதல் நம் ஜனங்கள் ஐரோப்பாவை மில் சங்குச் சத்தத்தில் புரிந்துகொண்டார்கள். ஐரோப்பா நம் ஜனங்களை லாபக் கணக்கில் புரிந்துகொண்டது. மதுரைக்கு மேற்கே பெருங்காமநல்லூரில் குற்றப்பரம்பரைச் சட்டத்தை ஏற்க மறுத்த மக்களை 1920 ஏப்ரல் 3ல் வெள்ளைக்காரப் போலீஸ் சுட்டுத் தள்ளியது. ஒரு சாதியில் பிறந்த குற்றத்துக்காகக் கைரேகை கொடு என்பதுதான் அன்றைய ஐரோப்பியத் துரைமார் நம் பண்பாட்டைப் புரிந்துகொண்ட லட்சணம்!

இன்றும் ஒரு பரிமாற்றம் ஓயாமல் நடக்கிறது. நம் பெண்கள் நூற்ற நூலும் தைத்த சட்டையும் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போகின்றன. சட்டையிடம் யாரும் வீசா கேட்பதில்லை. அதைத் தைத்தவள் போக வேண்டுமானால்? ஐரோப்பிய நாடுகளின் பொது வீசாவுக்கு 2024 ஜூனில் கட்டணத்தை 90 யூரோவாக உயர்த்தினார்கள். அன்றைய மாற்று விலையில் அது எட்டாயிரம் ரூபாய்க்கு மேல். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி நாளைக்கு 319 ரூபாய். 26 நாள் வெயிலில் மண் வெட்டினால் ஒரு மனுப் போடலாம்! பள்ளி மாணவர்களின் கல்விப் பயணத்துக்கு அந்தக் கட்டணத்திலிருந்து விலக்கு உண்டு. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் கட்டணம் ஒன்றுதானா தடை? வங்கிக் கணக்கைக் காட்டு, வருமானத்தைக் காட்டு, திரும்பிப் போய்விடுவாய் என்பதற்கு அத்தாட்சி காட்டு என்கிறார்கள். குத்தகை நிலமும் கூரை வீடும் அத்தாட்சி ஆகுமா? பரிமாற்றம் என்றால் இருவழிப் பாதை. ஒருவழிக் கதவுக்குப் பெயர் வேறு.

ஐரோப்பாவிலும் சேரி உண்டு

ஐரோப்பாவே சமத்துவ பூமி என்று நினைத்து வாய் பிளக்க வேண்டியதில்லை. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததும், பத்து வயதிலேயே, பிள்ளைகளைத் தரம் பிரிக்கிறார்கள். ஒரு பாதை சர்வகலாசாலைக்குப் போகிறது, மற்றது பட்டறைக்குப் போகிறது. 2000ம் ஆண்டில் பல நாட்டு மாணவர்களுக்கும் ஒரே மாதிரிப் பரீட்சை வைத்துச் சோதித்தார்கள். தகப்பனின் அந்தஸ்து பிள்ளையின் படிப்பை மிகக் கடுமையாக நிர்ணயிக்கும் நாடுகளில் ஜெர்மனியும் ஒன்று என்று அதிலே வெளிப்பட்டது. தொழிலாளி மகன் தொழிலாளி என்ற பாட்டு நமக்கும் பழக்கமான பாட்டுதான்.

செக் நாட்டில் ரோமா இனத்துப் பிள்ளைகளை மந்தபுத்திக்காரர்களுக்கான தனிப்பள்ளிகளில் தள்ளினார்கள். ஒஸ்ட்ராவா நகரத்து ரோமா குடும்பத்துப் பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள். இது பாரபட்சம்தான் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007 நவம்பர் 13ல் தீர்ப்பளித்தது. நாடு விட்டு நாடு பிள்ளைகளை அனுப்பிய அதே ஐரோப்பாவில்தான் ஒரே ஊருக்குள் பிள்ளைகளைப் பிரித்து வைத்தார்கள். ஆகவே வெளியூர்ப் பிள்ளைக்கு விருந்து வைப்பது சுலபம். உள்ளூர்ப் பிள்ளைக்குப் பக்கத்தில் இடம் கொடுப்பதுதான் கடினம். இதை ஐரோப்பாவும் நமக்குக் கற்றுத் தருகிறது.

நம்முடைய பிரெஞ்சுக்காரனும் ஜெர்மானியனும்

அப்படியானால் இங்கே பரிமாற்றம் யாருக்கும் யாருக்கும் நடக்க வேண்டும்? ரத்தம் சிந்திய இடத்தைத் தேடுங்கள், விடை கிடைக்கும்.

ஒத்தக்கடை வழியாகப் போகும் இதே சாலையில் மேலூரைத் தாண்டிப் போனால் மேலவளவு. தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவியில் முருகேசன் அமர்ந்தார். மதுரையில் கலெக்டரைப் பார்த்து மனுக் கொடுத்துவிட்டு 1997 ஜூன் 30ல் பஸ்ஸிலே திரும்பிக்கொண்டிருந்த அவரையும் உடன் சென்ற தோழர்களையும் வெட்டிக் கொன்றார்கள். உத்தப்புரத்தில் 1989ல் ஊருக்கும் தலித் மக்கள் தெருவுக்கும் நடுவிலே சுவர் எழுப்பினார்கள். மக்கள் இயக்கத்தின் விளைவாக 2008 மே 6ல் அந்தச் சுவரின் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறந்தார்கள். பெர்லின் சுவரைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பாடம் படிக்கும் பிள்ளைகளுக்கு மதுரை மாவட்டத்து உத்தப்புரம் சுவரைப் பற்றி எந்தப் பாடம் சொல்லியது?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது இன்னும் பயங்கரம். பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒரு தலித் மாணவனை, கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். இதிலே ஒரு பாடம் இருக்கிறது, கவனியுங்கள். அந்தப் பிள்ளைகள் ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஒரே மணிச் சத்தத்துக்கு எழுந்து நின்றவர்கள். பக்கத்தில் உட்கார வைத்தால் மட்டும் மனம் கலந்துவிடாது. ஒருவன் இன்னொருவனுக்கு வேலை செய்யப் பிறந்தவன் என்று தெருவும் வயலும் கோயிலும் சொல்லிக்கொண்டே இருக்கும்போது, வகுப்பறைப் பலகை ஒன்று மட்டும் என்ன செய்யும்?

அதன் பிறகு அரசாங்கம் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்தது. 2024 ஜூனில் குழு அறிக்கை கொடுத்தது. மணிக்கட்டில் சாதிக் கயிறு கூடாது. பள்ளிகளின் பெயரில் சாதி அடையாளம் கூடாது என்றெல்லாம் அது சொல்லியது. உடனே சில கனவான்கள் குதித்தார்கள். கயிற்றை அறுக்கச் சொன்னால் கழுத்தை அறுப்பதுபோலக் கூச்சல் போட்டார்கள். கயிறு அவ்வளவு உயர்ந்ததா? பிள்ளையின் உயிரைவிட உயர்ந்ததா?

நம் வட்டாரத்தில் பள்ளிகள் எப்படிப் பிரிந்து கிடக்கின்றன என்று பாருங்கள். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் ஒருபுறம். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் ஒருபுறம். ஊராட்சி ஒன்றியப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி என்று இன்னொரு புறம். இவை எல்லாவற்றுக்கும் மேலே கோபுரம்போலத் தனியார் பள்ளி. சீரமைப்புப் பள்ளியும் நலப் பள்ளியும் வந்ததற்கு நியாயமான சரித்திரக் காரணம் உண்டு. யாரும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைகளுக்குக் கதவு திறந்த பள்ளிகள் அவை. அவற்றின் நிலத்தையும் பணத்தையும் பிடுங்க நாம் ஒருநாளும் சம்மதியோம். இரண்டிலும் படிப்பவர்கள் பெரும்பாலும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள். கூலி குறைந்தால் இரண்டு வீட்டு அடுப்பும் அணைகிறது. ஆனால் இந்தப் பிள்ளை அந்தப் பிள்ளையின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததுண்டா? அந்தப் பிள்ளை இந்தப் பிள்ளையின் தாய் கையால் தண்ணீர் குடித்ததுண்டா?

இவர்கள்தான், தோழர்களே, நம்முடைய பிரெஞ்சுக்காரனும் ஜெர்மானியனும். பாரிசையும் பெர்லினையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் முதல் உடன்படிக்கை எப்போது?

சர்க்கார் செய்ததும் செய்யாததும்

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டோம். நல்லதை நல்லது என்றே சொல்லுவோம். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை, போட்டிகளில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்களை 2022 நவம்பரில் ஷார்ஜா புத்தகக் கண்காட்சிக்கு அழைத்துச் சென்றது. பிறகு வேறு நாடுகளுக்கும் பிள்ளைகளை அனுப்பியது. கனவு ஆசிரியர் விருது பெற்றவர்களை 2024ல் பிரான்சுக்கு அனுப்பியது. விமானத்தை அண்ணாந்து பார்த்தே வளர்ந்த வீட்டுப் பிள்ளை அந்த விமானத்தில் ஏறியதைக் கண்டு நாம் மகிழ்கிறோம். கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளை நகரத்துப் பள்ளிக்கு அழைத்துப் போய்க் காட்டும் பள்ளிப் பரிமாற்றத் திட்டமும் இங்கே நடந்திருக்கிறது.

ஆனால் பரிசு வேறு, உரிமை வேறு. ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது பரிசு. மிச்சமுள்ள 999 பிள்ளைகளும் பத்திரிகையில் படம் பார்த்துத் திருப்தி அடைய வேண்டும். காலையில் தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டு, தண்ணீர் சுமந்து, தாய் களையெடுக்கப் போன பிறகு பள்ளிக்கு ஓடி வரும் பெண் குழந்தை எந்தப் போட்டியில் வெல்லும்? அவளுக்குத்தானே வெளியுலகம் முதலில் தெரியவேண்டும்? ஒருநாள் போய் நகரத்துப் பள்ளியைப் பார்த்துவிட்டு வருவதும் பரிமாற்றம் ஆகாது. அது வேடிக்கை பார்ப்பது. நகரத்துப் பிள்ளை கிராமத்துக்கு வந்து தங்கினால்தான் அது பரிமாற்றம்.

மத்திய அரசாங்கத்தின் கதை தனிக்கதை. "ஒரே பாரதம் உன்னத பாரதம்" என்று 2015ல் அறிவித்தார்கள். மாநிலங்களை ஜோடி ஜோடியாகச் சேர்த்தார்கள். தமிழ்நாட்டுக்கு ஜோடி ஜம்மு காஷ்மீர். நாம் அவர்கள் பாட்டைப் பாடுவோமாம், அவர்கள் நம் ஆட்டத்தை ஆடுவார்களாம். 2019 ஆகஸ்டில் என்ன நடந்தது? அந்த ஜோடி மாநிலத்தையே இரண்டாக உடைத்து மாநில அந்தஸ்தைப் பறித்தார்கள். அந்த மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பண்பாட்டைப் புரிந்துகொள், உரிமையைப் பறித்துக்கொள்! இதுதான் அவர்களுடைய பரிமாற்றம். நிபந்தனைக்குக் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காகத் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு 2024-25ல் வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தவர்களும் இவர்களே. பிள்ளையின் சோற்றுத் தட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒற்றுமைப் பாட்டுப் பாடுகிறார்கள்.

இரண்டு ஆட்சேபங்கள்

நம் ஆட்களே சிலர் கேட்பார்கள்: "கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் போவானா? கூலிக்காரன் பிள்ளைக்கு ஐரோப்பா எதற்கு? முதலில் கூலி வாங்கித் தாருங்கள்."

கூலிக்குப் போராடுவதில் ஒருநாளும் ஓயமாட்டோம். ஆனால் உலகம் முதலாளிக்குப் போதும், தொழிலாளிக்குத் தெரு போதும் என்று யார் எழுதி வைத்தது? மே தினம் எங்கே பிறந்தது? சிகாகோவில். உத்தப்புரத்துக்கும் ஒஸ்ட்ராவாவுக்கும் ஒரே நோய் என்று தெரிந்துகொள்ளும் பிள்ளை, அந்த நோய் தலையெழுத்தல்ல என்பதையும் தெரிந்துகொள்ளும். அதனால்தான் அந்தப் பிள்ளை வெளியே போவதை ஆண்டைகள் விரும்புவதில்லை.

இன்னொரு பக்கம் படித்த கனவான்கள் சிலர் சொல்லுவார்கள்: "சாதி மனதில் இருக்கிறது. பிள்ளைகளைப் பழக விடுங்கள். சேர்ந்து சாப்பிடட்டும், எல்லாம் சரியாகிவிடும்."

சேர்ந்து சாப்பிடுவதை நாம் இளக்காரம் செய்யவில்லை. 2022 செப்டம்பர் 15ல் மதுரையில்தான் பள்ளிக் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. ஒரே உலையில் வெந்த சோற்றைப் பிள்ளைகள் சேர்ந்து உண்பது பெரிய காரியம். ஆனால் சாதி மனதில் மட்டும் இல்லை. அது நிலத்தில் இருக்கிறது, கண்மாய் மடையில் இருக்கிறது, சுடுகாட்டுப் பாதையில் இருக்கிறது, கூலியில் இருக்கிறது. ஐரோப்பாக்காரன் நிலக்கரியைப் பொதுவாக்கிவிட்டுத்தான் பிள்ளையை அனுப்பினான். நம் ஊரில் எது பொது? கண்மாய் பொதுவா? பாதை பொதுவா? பஞ்சமி நிலம் உரியவன் கைக்கு வந்துவிட்டதா? அதைப் பேசாமல் புரிதலைப் பற்றி மட்டும் பேசினால் அது ஏட்டுச் சுரைக்காய்.

சமத்துவமுள்ள உடன்படிக்கைக்கு ஒரு உதாரணம் சொல்லுகிறோம். திண்டுக்கல் பக்கத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த ஒரு தொழிலாளிப் பெண் 2021ல் கொலையுண்ட பிறகு, தலித் பெண்கள் தலைமையேற்று நடத்தும் ஒரு ஜவுளித் தொழிலாளர் சங்கம் போராடியது. அயல்நாட்டுத் தொழிலாளர் அமைப்புகள் தோள் கொடுத்தன. 2022ல் ஆடைக் கம்பெனியும் வெளிநாட்டு வியாபாரக் கம்பெனிகளும் கையெழுத்திட்டன. பெண்கள் மீதான அத்துமீறலைத் தடுக்க, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வந்தது. ஐரோப்பியச் சந்தைக்குத் துணி தைக்கும் பெண் ஐரோப்பியக் கம்பெனியை மேஜைக்கு எதிரே உட்கார வைத்துப் பேசினாள். கடல் தாண்டிய புரிதல் இப்படித்தான் வரும். சம பலத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்தால் வரும்.

செய்ய வேண்டியது என்ன?

யானைமலையடியில், ஒத்தக்கடைக்குப் பக்கத்துக் கொடிக்குளத்தில், ஆயி பூரணம் அம்மாள் என்ற வங்கி ஊழியர் 2024 ஜனவரியில் தமக்குச் சொந்தமான 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளி ஆக்குவதற்காக எழுதிக் கொடுத்தார். கோடிக்கணக்கில் விலை போகும் நிலம். பெரிய பெரிய முதலாளிகள் கல்வி வியாபாரம் செய்யும் அதே வட்டாரத்தில், மாதச் சம்பளக்காரரான ஒரு அம்மாள் இதைச் செய்தார். பொதுப்பள்ளி நம்முடையது என்று அவருக்குத் தெரிந்தது அரசாங்கத்துக்கும் தெரியவேண்டாமா?

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பொதுப்பள்ளியில் படிக்க வேண்டும் என்று 1964-66லேயே கோத்தாரி கமிஷன் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் போராடிப் போராடி 2011ல் உச்சநீதிமன்றத் தீர்ப்புடன் சமச்சீர்ப் பாடத்திட்டத்தை நிலைநாட்டினோம். புத்தகம் சமமாயிற்று, பள்ளி சமமாகவில்லை. ஆகவே நாம் கோருகிறோம்:

1. வெளிநாட்டுக் கல்விப் பயணத்தை வெற்றி பெற்றவர்களுக்கான பரிசாக மட்டும் வைக்காதே. விவசாயத் தொழிலாளர், மில் தொழிலாளர், துப்புரவுத் தொழிலாளர் வீட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதில் பாதி இடத்தை ஒதுக்கு. பாஸ்போர்ட் முதல் செருப்பு வரை செலவு அரசாங்கத்துடையது.

2. மதுரை மாவட்டத்தில் கள்ளர் சீரமைப்புப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, ஒன்றியப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி இவற்றை ஜோடி சேர்த்து, ஆண்டு முழுவதும் இருவழிப் பரிமாற்றம் நடத்து. பிள்ளைகள் மட்டுமல்ல, ஆசிரியர்களும் இடம் மாறிப் பாடம் நடத்தட்டும். கபடிக் குழுவில் இரு பள்ளிப் பிள்ளைகளும் ஒரே பக்கம் நின்று ஆடட்டும்.

3. தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டப்படி 25 சதவீத இடத்தில் சேர்ந்த ஏழைப் பிள்ளைகளை, அந்தப் பள்ளி நடத்தும் வெளிநாட்டுப் பரிமாற்றத்திலும் கட்டணமின்றிச் சேர்க்க வேண்டும் என்று சட்டம் செய். வகுப்பில் சேர்த்து, விமானத்தில் விலக்குவது புதிய தீண்டாமை.

4. சந்துரு குழு அறிக்கையை அலமாரியிலிருந்து எடுத்துப் பள்ளிக்கூட வாசலில் அமலாக்கு.

5. மேலவளவும் உத்தப்புரமும் பெருங்காமநல்லூரும் பாடப்புத்தகத்தில் வரட்டும். பிரெஞ்சுக்காரனும் ஜெர்மானியனும் ஒரே சரித்திரம் எழுத முடிந்தபோது மேலத்தெருவும் கீழத்தெருவும் ஏன் எழுத முடியாது?

கோரிக்கை அரசாங்கத்துக்கு. கடமை நமக்கும் உண்டு. தொழிற்சங்கக் கிளைகளும் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளும் காத்திருக்க வேண்டாம். வருகிற கோடை விடுமுறையில் மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளை விவசாயத் தொழிலாளி வீட்டில் ஒரு வாரம் தங்கட்டும். அடுத்த வாரம் அந்த வீட்டுப் பிள்ளை இந்த வீட்டுக்கு வரட்டும். இதற்குப் பாஸ்போர்ட் வேண்டியதில்லை, வீசா வேண்டியதில்லை. நெஞ்சிலே கொஞ்சம் துணிவு வேண்டும். தடுக்க வருகிறவர்களைச் சேர்ந்து நின்று சந்திக்கும் பலம் வேண்டும். அந்தப் பலம் சங்கத்தில் இருக்கிறது.

பகைவன் வீட்டில் பிள்ளையைத் தங்க வைத்த தேசங்கள் உலகத்தில் உண்டு. நாமோ பகையே இல்லாதவர்கள். ஒரே வெயிலில் வேகிறவர்கள். நம்மைப் பகைவர்கள் என்று சொல்லி லாபம் தின்றவர்கள் வேறு. அவர்கள் கட்டிய சுவரை நம் பிள்ளைகளின் காலடிகள் தாண்டட்டும்.

தெருச்சுவரைத் தாண்டத் தெரிந்த பிள்ளைக்கு தேசத்தின் எல்லை பெரிதல்ல!